"காயில் போயிடுச்சு" என்றால் கிரைண்டரைக் கொடுத்துவிட வேண்டுமா?

கேள்வி சுருக்கமாக இது: அம்மாவிடம் 2001-இல் வாங்கிய பெரிய கிரைண்டர் இருக்கிறது. பெட்டி மாதிரி நிற்கும், பக்கமெல்லாம் சன்மைக்கா ஒட்டிய பழைய ரகம். போன வாரம் அரிசியைப் போட்டுவிட்டு சுவிட்சைத் தட்டினால் "ம்ம்ம்" என்று உறுமுகிறது, சுற்றவில்லை. வந்து பார்த்த மெக்கானிக், காயில் (மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள்) போயிடுச்சு, பேரிங், பெல்ட்டையும் சேர்த்து மாற்ற 4,800 ரூபாய் ஆகும், இருபது வருடத்துக்கு மேல் ஆன மெஷினுக்கு இவ்வளவு செலவு வீண் என்று சொல்லிவிட்டார். கடையில் புது டேபிள் டாப் 6,500 ரூபாய், பழையதைக் கொடுத்தால் 700 கழித்துக்கொள்வார்களாம். அம்மா கொடுக்க மாட்டேன் என்கிறார். ரிப்பேர் செய்வதா, புதிது வாங்குவதா?

இந்த வாரம் இரண்டும் வேண்டாம். நீங்கள் எழுதியதில் ஒரு வரி என் கண்ணில் பட்டது: "எரிந்த வாசனை எதுவும் இல்லை." காயில் எரிந்த மோட்டார் வாசனையை மறைக்கவே மறைக்காது. வார்னிஷ் கருகிய அந்த நாற்றம் சமையலறையில் இரண்டு நாள் நிற்கும். உறுமல் இருக்கிறது, வாசனை இல்லை, சுற்றவும் இல்லை என்றால், பத்துக்கு ஏழெட்டு தடவை சில நூறு ரூபாயில் முடிகிற வேலையாக இருக்கும். கோயம்புத்தூரில் கணபதி பக்கம் 28 வருடம் மோட்டாருக்குக் காயில் கட்டியவன் நான். இப்போது கடையை மகன் பார்க்கிறான். காயில் கட்டிப் பிழைத்தவனே காயில் கட்ட வேண்டாம் என்று சொல்கிறேன் என்றால் கொஞ்சம் நம்பலாம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. உறுமுகிற மோட்டாரை ஐந்து விநாடிக்கு மேல் அப்படியே விடாதீர்கள். சுற்ற முடியாமல் மாட்டிக்கொண்ட மோட்டார், ஓடும்போது இழுப்பதைப் போல நாலைந்து மடங்கு கரண்ட் இழுக்கும். "ஒரு நிமிஷம் விட்டுப் பார்ப்போம், சூடானால் கிளம்பும்" என்று விட்டுப் பார்த்துத்தான் நல்ல காயில்கள் நிஜமாகவே எரிந்துபோயிருக்கின்றன. மெக்கானிக் சொன்ன பொய், நாம் விட்டுப் பார்த்ததில் உண்மையாகிவிடும்.

இப்போது செய்ய வேண்டியது. பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிடுங்கத்தான் வேண்டும். அரிசியை எடுத்துவிட்டுக் குழவியையும் எடுத்து வைத்துவிட்டு, பெட்டியின் பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே மோட்டாரும், அதன் சின்ன புல்லியும், டிரம்முக்கு அடியில் பெரிய புல்லியும், இரண்டையும் சேர்க்கிற வி-பெல்ட்டும் தெரியும். பெல்ட்டைப் பெரிய புல்லியின் விளிம்பிலிருந்து பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே கையால் சுற்றினால் கழன்று வந்துவிடும். மோட்டாரோடு ஒட்டியபடி உருளையாக ஒன்று இருக்கும், அதுதான் மோட்டாரைக் கிளப்பிவிட உதவும் கெபாசிட்டர். மெக்கானிக்குகள் கன்டன்சர் என்பார்கள். அதன் முனைகளில் மட்டும் கை வைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் கரண்ட் தங்கியிருக்கும்.

பெல்ட் கழன்றதும் டிரம்மைக் கையால் சுற்றுங்கள். தாராளமாகச் சுற்றி, மெல்ல மெல்ல நிற்க வேண்டும். கரகரவென்று சத்தம் வந்தாலோ, ஓரிடத்தில் இறுகிப் பிடித்தாலோ கோளாறு டிரம்மின் பேரிங்கில் இருக்கிறது. மோட்டார் பாவம், அதன் மேல் பழி. அடுத்து மோட்டார் புல்லியைச் சுற்றுங்கள். அது இறுகியிருந்தால் மோட்டாரின் பேரிங் அல்லது புஷ் (பேரிங்குக்குப் பதிலாக அச்சைத் தாங்கும் உலோக வளையம்) போயிருக்கிறது.

இரண்டுமே லேசாகச் சுற்றுகின்றனவா? சரி, இப்போது பெல்ட் இல்லாமலே பிளக்கைச் சொருகி ஒரு விநாடி சுவிட்ச் போடுங்கள். நன்றாக ஓடினால், மோட்டார் பலவீனமாகிவிட்டது அல்லது சுமை கூடுதல் என்று அர்த்தம். உறுமினால் அணைத்துவிட்டு, மோட்டார் புல்லியைக் கையால் வேகமாகச் சுழற்றிவிட்டு, கையை முழுக்க எடுத்த பிறகு, சுழல் நிற்பதற்குள் இன்னொருவரைச் சுவிட்ச் போடச் சொல்லுங்கள். அப்போது பிடித்துக்கொண்டு ஓடினால் ஓடுகிற காயில் நன்றாக இருக்கிறது, கிளப்பிவிடுகிற பகுதிதான் செத்திருக்கிறது. கன்டன்சராக இருக்கலாம், அல்லது அதற்குப் பக்கத்தில் உள்ள சுவிட்சாக இருக்கலாம்.

அந்தச் சுவிட்சைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய அரை ஹெச்.பி. மோட்டார்களில் ஸ்டார்ட்டிங் காயில் என்று தனியாக ஒன்று உண்டு. மோட்டார் வேகம் பிடித்ததும் அதைத் துண்டித்துவிட சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் என்று ஒன்று அச்சிலேயே இருக்கும். நல்ல மோட்டாரை அணைத்ததும் வேகம் குறையும்போது "டக்" என்று ஒரு சத்தம் கேட்குமே, அது அந்தச் சுவிட்ச் திரும்ப உட்காருகிற சத்தம். உங்கள் அம்மாவைக் கேளுங்கள், அந்த "டக்" எத்தனை நாளாகக் கேட்கவில்லை என்று. இருபது வருடம் அதே சத்தத்தோடு மாவாட்டியவருக்குக் கண்டிப்பாகத் தெரியும். மாவுத் தூசியும் ஈரமும் சேர்ந்து அதன் முனையில் பச்சை பிடித்துவிடும். கரப்பான்பூச்சி நசுங்கி ஒட்டிக்கொண்டு தொடர்பு விட்டுப்போன மோட்டார்களை நானே நிறையப் பார்த்திருக்கிறேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்து ஐம்பது ரூபாய் வாங்கிய காலமெல்லாம் உண்டு.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறது. கடை போட்ட இரண்டாவது வருடம், மெஸ் நடத்தும் ஒரு அம்மா எரிந்த மோட்டாரை மட்டும் கழற்றிக் கொண்டுவந்தார். காயில் கட்டிக் கொடுத்தேன். மூன்றே வாரத்தில் மறுபடி எரிந்து வந்தது. கம்பி சரியில்லை என்று நினைத்து இரண்டாவது முறை கட்டினேன். அதுவும் போனது. அப்புறம்தான் மெஸ்ஸுக்கு நேரில் போய் டிரம்மைக் கையால் சுற்றிப் பார்த்தேன். பேரிங் துருப்பிடித்து டிரம் பாதி இறுகிக் கிடந்தது. மோட்டார் ஒவ்வொரு நாளும் கல்லோடு மல்லுக்கட்டியிருக்கிறது. இரண்டு காயில் காசும் என் கையை விட்டுப் போனது. அதற்கப்புறம் டிரம்மைப் பார்க்காமல் மோட்டாரைத் தொட்டதில்லை.

சரி, இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

பழைய பொருளா, புதியதா என்று பேசும்போது எல்லோரும் வயதைத்தான் முதலில் சொல்கிறார்கள். கிரைண்டர் விஷயத்தில் வயது ஒன்றுக்கும் உதவாத கணக்கு. ஏனென்றால் அது ஒரே பொருள் இல்லை. கல் ஒன்று, கூடு ஒன்று, மோட்டார் ஒன்று என்று மூன்று பொருள்கள் சேர்ந்தது. மூன்றுக்கும் ஆயுள் வேறு வேறு. பெல்ட் நாலைந்து வருடம் வரும். கன்டன்சர் நல்லதாக இருந்தால் அதைவிடக் கூடுதலாக வரும். மோட்டாரை எத்தனை முறை வேண்டுமானாலும் கட்டலாம். கல் நம் பேரன் காலத்துக்கும் இருக்கும். ஆக, "இருபது வருடம் தாண்டிய கிரைண்டர்" என்று ஒன்று கிடையாது. இருபது வருடம் தாண்டிய கல்லும், ஒருவேளை 6 வருடப் பெல்ட்டும், 10 வருட பேரிங்கும் சேர்ந்துதான் அங்கே நிற்கின்றன. எது செத்தது என்று தெரியாமல் மொத்தத்துக்கும் காரியம் செய்யக்கூடாது.

இன்னொன்று. கிரைண்டர் பிறந்த ஊர் கோயம்புத்தூர். 1955-இல் பி. சபாபதி என்பவர் இங்கே உருவாக்கியது. பின்னால் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்று புவிசார் குறியீடும் கிடைத்தது. கல்லுக்கு ஊத்துக்குளிப் பக்கம் பேர் பெற்றது. இந்தப் பெருமையெல்லாம் எதற்கு என்றால், இந்த மெஷின் பெரிய பெரிய தொழிற்சாலைகளில் பிறக்கவில்லை, ஆவாரம்பாளையம், கணபதி மாதிரியான இடங்களின் சின்னச் சின்னப் பட்டறைகளில் வளர்ந்தது. பட்டறைக்காரர் தனக்கென்று ஒரு பேரிங் செய்து போட மாட்டார். பஜாரில் கிடைப்பதை வாங்கிப் போடுவார். அதனால் பழைய பெரிய கிரைண்டரைப் பிரித்தால் உள்ளே இருப்பதெல்லாம் எந்த ஊர் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிற சாமான்கள். பேரிங்கின் மேல் 6204 என்று பொறித்திருந்தால், உள்விட்டம் 20 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 47. உலகத்தில் எந்தக் கம்பெனி செய்தாலும் அதே அளவுதான். பெல்ட்டின் முதுகிலும் எண் அச்சடித்திருக்கும், அதைச் சொன்னால் போதும்.

புது டேபிள் டாப்களில் நிலைமை வேறு. அடக்கமாக இருக்கிறது, கழுவ வசதி, தூக்கி வைக்கலாம், அதெல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கம்பெனியின் பிளாஸ்டிக் கப்ளிங் அந்தக் கம்பெனிக்கு மட்டும்தான் பொருந்தும். மாடலை நிறுத்திவிட்டால் உதிரிபாகமும் நாளடைவில் நின்றுபோகும். 2011-இல் தமிழ்நாடு அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா கிரைண்டர்கள் இன்னும் நிறைய வீடுகளில் ஓடுகின்றன, ரிப்பேருக்கும் வருகின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் செய்து கொடுத்தவை என்பதால், வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், உள்ளே ஒன்றின் சாமான் இன்னொன்றில் உட்காராது. ஒரு மெஷினை உடைத்து இன்னொரு மெஷினை ஓட்டுவதுதான் அங்கே வழி. பழசு என்றால் ரிப்பேர் செய்ய முடியாது என்கிற எண்ணம் கிரைண்டரைப் பொறுத்தவரை தலைகீழ்.

இப்போது காசுக் கணக்கு. "ரிப்பேர் செலவு புது விலையில் பாதிக்கு மேல் போனால் புதிது வாங்கு" என்று ஒரு சூத்திரம் சொல்வார்கள். மோசமான சூத்திரம் இல்லை, ஆனால் எதன் புது விலை? உங்கள் வீட்டில் இருப்பது பெரிய கல்லும் அரை ஹெச்.பி. மோட்டாரும் உள்ள மெஷின். நீங்கள் ஒப்பிடுவது 2 லிட்டர் டேபிள் டாப்போடு. அதில் மோட்டார் பெரும்பாலும் 150 வாட் அளவுதான் இருக்கும். பெரிய ரகத்தையே புதிதாக வாங்கப் போனால் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். 2022 ஜூலையில் கல் கிரைண்டருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதம் ஆனபோதே விலை ஒரு படி ஏறிவிட்டது.

நான் போடுகிற கணக்கு வேறு. செலவை, அது வாங்கித் தருகிற வருடங்களால் வகுத்துப் பாருங்கள். மெக்கானிக் சொன்னது எல்லாமே உண்மை என்றே வைத்துக்கொள்வோம். காயில், பேரிங், பெல்ட் மூன்றும் புதிது, 4,800 ரூபாய். ஒழுங்காகச் செய்தால் எட்டு வருடம் கவலையில்லை. வருடத்துக்கு 600 ரூபாய். புது டேபிள் டாப், எக்ஸ்சேஞ்ச் கழித்து 5,800. அதுவும் எட்டு வருடம் நடுவில் எந்த ரிப்பேரும் இல்லாமல் ஓடினால் வருடத்துக்கு 725. ஆக, மோசமான நிலையில்கூட ரிப்பேர் நஷ்டமில்லை. அந்த 4,800-உம் எனக்குக் கூடுதலாகத்தான் தெரிகிறது. எங்கள் பக்கம் அரை ஹெச்.பி. மோட்டாருக்குக் காப்பர் காயில் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரத்துக்குள் முடியும். ஊருக்கு ஊர் மாறும் என்றாலும் இரண்டு இடத்தில் விசாரியுங்கள். வெறும் கன்டன்சர்தான் என்றால் இந்தக் கணக்கே தேவையில்லை.

எக்ஸ்சேஞ்ச் 700 ரூபாயைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பெரும்பாலும் தள்ளுபடிக்குப் போட்ட இன்னொரு சட்டை. பழையது எதுவும் இல்லாமல் போய்ப் பேரம் பேசினாலும் அதில் பாதி குறைப்பார்கள். உங்கள் மோட்டாரில் இருக்கிற காப்பரும், வார்ப்பிரும்புப் புல்லியும், எவர்சில்வர் டிரம்மும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டாலே ஒரு தொகை வரும்.

காயில் கட்டித்தான் ஆக வேண்டும் என்று முடிவானால் ஒன்றை மட்டும் விடாதீர்கள். "காப்பரா, அலுமினியமா?" என்று முதலிலேயே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். கேட்காவிட்டால் சில இடங்களில் அலுமினியம் போட்டுக் காப்பர் காசு வாங்குவார்கள். மேலே பூசிய எனாமல் ஒரே நிறத்தில் இருப்பதால் பார்த்தால் தெரியாது. கம்பி நுனியைச் சுரண்டினால்தான் உள்ளே வெள்ளையா செம்பா என்று தெரியும். அலுமினியம், காப்பரில் 60 சதவீத அளவுக்குத்தான் மின்சாரம் கடத்தும். காப்பருக்கு அளவெடுத்த பள்ளத்தில் அதைத் திணித்தால் மோட்டார் சீக்கிரம் சூடேறும். அவிழ்த்த பழைய கம்பியை எடை போட்டுத் திருப்பிக் கேளுங்கள், அல்லது கூலியில் கழிக்கச் சொல்லுங்கள். உங்கள் பொருள் அது, கேட்பதில் வெட்கம் வேண்டாம். கட்டி முடித்த காயிலுக்கு வார்னிஷ் ஊற்றிச் சூட்டில் காயவைத்தார்களா என்றும் கேளுங்கள். "காலையில் கொடுங்கள், மதியம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிற இடத்தில் வார்னிஷ் காய்ந்திருக்காது.

கரண்ட் பில்லைக் காரணம் காட்டிப் புது கிரைண்டர் வாங்கச் சொல்பவர்களும் உண்டு. கணக்குப் போட்டுவிடுவோம். அரை ஹெச்.பி. மோட்டார் நஷ்டமெல்லாம் சேர்த்து சுமார் 600 வாட் இழுக்கும். ஒரு முறை மாவாட்ட முக்கால் மணி நேரம் என்றால் 0.45 யூனிட். வாரம் இரண்டு தடவை, மாதம் ஒன்பது தடவை, ஏறக்குறைய 4 யூனிட். டேபிள் டாப்பில் அதே அளவு மாவை இரண்டு ஈடாக ஆட்டினால் 2 யூனிட் ஆகும். மிச்சம் மாதம் 2 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் போகிற வீடாக இருந்தாலும் இந்த மிச்சத்தில் ஒரு வருடம் சேர்த்தால் முந்நூறு ரூபாய்கூட வராது. அதற்காக ஆறாயிரம் செலவு செய்ய வேண்டியதில்லை.

இதே வாதம் ஃப்ரிட்ஜுக்கு அப்படியே நேர்மாறு, அதனால்தான் மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள். கிரைண்டர் வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் வேலை செய்யும். ஃப்ரிட்ஜ் நாள் முழுக்க, வருடம் முழுக்க. பழைய ஃப்ரிட்ஜ் புதியதைவிட நாளொன்றுக்கு ஒரு யூனிட் கூடுதலாகக் குடித்தால் வருடத்தில் 365 யூனிட். அங்கே வயது முக்கியம். பன்னிரண்டு, பதினைந்து வருட ஃப்ரிட்ஜில் கம்ப்ரசர் போனாலோ, சுவருக்குள் புதைந்த குழாயில் ஓட்டை விழுந்து கேஸ் கசிந்தாலோ நான் செலவு செய்யச் சொல்ல மாட்டேன். அதற்காகக் கதவு ரப்பர் தளர்ந்ததற்கெல்லாம் ஃப்ரிட்ஜை மாற்றாதீர்கள். கதவுக்கு நடுவே பத்து ரூபாய் நோட்டு ஒன்றை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். மிக்ஸி வேறு கதை. திடீரென்று நின்றுபோன மிக்ஸியைக் கவிழ்த்து, அடியில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அழுத்திப் பார்க்காமலே புதிது வாங்கியவர்கள் உண்டு. கார்பன் பிரஷ், கப்ளர், ஜார் புஷ் போனால் மாற்றலாம். ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் காயில்) எரிந்தால் விட்டுவிடலாம்.

கிரைண்டருக்குத் திரும்புகிறேன். எப்போது நிஜமாகவே விட்டுவிட வேண்டும்?

டிரம்முக்கும் அதற்குள் பதித்த கல்லுக்கும் நடுவே பிடிப்பு விட்டுப்போயிருந்தால். கழுவி வைத்த பிறகும் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் தண்ணீர் கசியும், புளித்த வாடை போகவே போகாது. அந்தத் தண்ணீர் மெல்ல அச்சுக்கு இறங்கி, பேரிங்கைத் தின்று, கூட்டின் இரும்பையும் தின்றிருக்கும். கூடு துருப்பிடித்துப் பொத்தலாகிவிட்டால் புது மோட்டாரை எதில் மாட்டுவது? மாவில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள், அந்த மாவைச் சாப்பிடாதீர்கள். ஆயில் சீல் போய் கிரீஸ் மேலே வருகிறது. சீலை மாற்றலாம், ஆனால் அச்சே தேய்ந்திருந்தால் புது சீலும் நிற்காது. ஒரே வருடத்தில் மூன்றாவது முறையாக மெக்கானிக் வருகிறார் என்றாலும் விட்டுவிடலாம்.

ஷாக் அடித்தால்? நிறுத்த வேண்டும், அதில் பேரமே இல்லை. ஈரக்கை, ஈரத் தரை, இரும்புக் கூடு மூன்றும் சேருகிற மெஷின் அது. ஆனால் ஷாக் அடித்ததற்காக மெஷினைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பல நேரம் எலி கடித்த ஒயராக இருக்கும். மெக்கர் (கரண்ட் கசிகிறதா என்று சோதிக்கிற மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், காயிலுக்கும் கூட்டுக்கும் நடுவே ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் காயிலில் ஈரமோ கசிவோ இருக்கிறது. உங்கள் கிரைண்டரின் பிளக்கில் மூன்றாவது பின் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் காலத்து மெஷின் பலவற்றில் எர்த் ஒயரை வெட்டிவிட்டு இரண்டு பின் பிளக் மாட்டியிருப்பார்கள். முதல் வேலையாக அதைச் சரிசெய்யுங்கள். வீட்டு மெயினில், கரண்ட் கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் அதையும் போட்டுவிடுங்கள்.

மாவு முன்னைப்போல் மையாக வரவில்லை, உளுந்து பொங்கவில்லை என்பதற்காகவும் கிரைண்டரை மாற்றுகிறார்கள். அதற்கு மோட்டார் காரணமே இல்லை. கல்லை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். டைல்ஸ் தரை மாதிரி வழவழவென்று இருந்தால் கொத்தும் காலம் வந்துவிட்டது. "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று தெருவில் கூவிக்கொண்டு வந்தவர்கள் குறைந்துவிட்டார்கள், ஆனால் கிரைண்டர் ரிப்பேர்க் கடையில் கேட்டால் ஆளைச் சொல்வார்கள். கொத்திய பிறகு ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடி பழைய அரிசியைப் போட்டு மூன்று தடவை ஆட்டிக் கொட்டுங்கள். கடைசி மாவைக் கறுப்புத் தட்டில் மெல்லிசாகத் தேய்த்து, விரலில் மணல் நெருடவில்லை என்றால் சமைக்கலாம்.

வோல்டேஜையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் எல்லா வீட்டிலும் மோட்டார் போடுகிற நேரத்தில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 தான் வருகிறது என்றால், மோட்டாரின் சுழற்று வலு கால்வாசி குறையாது, ஏறக்குறைய 40 சதவீதம் குறையும். வோல்டேஜ் குறைவதன் வர்க்கத்தில் வலு குறையும் என்பது கணக்கு. அதோடு அரிசி முழுவதையும் முதலிலேயே கொட்டிவிட்டு சுவிட்ச் போட்டால் புது மோட்டாரே உறுமும். சும்மா சுற்றவிட்டு, தண்ணீர் தெளித்து, பிறகு கைப்பிடி கைப்பிடியாகப் போட வேண்டும். நீங்கள் எழுதியதில் "அரிசியைப் போட்டுவிட்டு சுவிட்ச் தட்டினால்" என்று இருக்கிறது. அம்மா அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அன்றைக்கு மாவாட்டியது நீங்களா?

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. மெஷினைப் பற்றி இவ்வளவு பேசினோம், அதை ஓட்டுகிறவரைப் பற்றிப் பேசவில்லை. 2001-இல் உங்கள் அம்மாவுக்கு நாற்பது வயது என்றால் இன்று அறுபதைத் தாண்டியிருப்பார். அந்தக் குழவியைத் தூக்கி எடுத்துக் கழுவி மறுபடி மாட்ட வேண்டும், குனிந்து மாவை வழிக்க வேண்டும். அவருக்கு முதுகும் தோளும் எப்படி இருக்கின்றன? வீட்டில் எத்தனை பேர்? எட்டுப் பேருக்கு வாங்கிய மெஷினில் இரண்டு பேருக்கு ஒரு ஆழாக்கு உளுந்து போட்டால் அது குழவிக்கு அடியில் ஒட்டிக்கொண்டு அரைபடவே அரைபடாது. இந்தக் காரணங்களுக்காக டேபிள் டாப் வாங்குவதென்றால் நான் உடனே சரி என்பேன். மெஷின் கிழவியாகிவிட்டது என்பதற்காக அல்ல, நம் வீட்டு ஆளுக்குச் சுமை குறைய வேண்டும் என்பதற்காக.

ஆனால் அதை அவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். "கொடுக்க மாட்டேன்" என்பதற்குப் பின்னால் வெறும் பாசம் இருக்கலாம். டேபிள் டாப் மாவில் இட்லி அவருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். அல்லது நவராத்திரி, கார்த்திகை என்று வருடத்தில் நாலு நாள் சொந்தக்காரர்கள் எல்லாம் வரும்போது அவருக்கு அந்தப் பெரிய கல் வேண்டியிருக்கலாம். கடைசிக் காரணம் என்றால் கன்டன்சரை மாற்றிப் பெரியதை ஓரமாக வைத்துக்கொண்டு, அன்றாடத்துக்குச் சின்னதாக 1.25 லிட்டரில் ஒன்று வாங்கலாம். ஓரமாக வைத்தாலும் மாதம் ஒரு தடவையாவது சும்மா ஓட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பெல்ட் வெடித்துப்போகும், பேரிங் இறுகும்.

முதலில் பெல்ட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்: டிரம் தனியாகச் சுற்றியதா, மோட்டார் தனியாக ஓடியதா, அணைத்ததும் அந்த "டக்" கேட்டதா. மூன்றுக்கும் பதில் வந்தால் எந்தச் சாமான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். அதுவரை அரிசி ஊறப்போட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.